மாடஸ்டியை வரைந்த முதல் கை

மாடஸ்டி பிளைசியைத் தெரியாத தமிழ் காமிக்ஸ் வாசகர் யாராவது இருக்காங்களா? 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'தான். சங்கரன்கோவில்ல ரயில் ஏறினா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி சிவகாசி வந்துரும். அச்சடிக்கிற ஊர் அவ்வளவு பக்கத்துல இருந்ததால எங்க ஊர்க்காரங்களுக்கு 'இளவரசி' கிட்டத்தட்ட சொந்தக்காரி :-)

ஆனா அந்த இளவரசிக்கு முகம் கொடுத்தவர் பேரைக் கேட்டா பலபேர் முழிப்போம். ஜிம் ஹோல்டவே. லயன் முதல் இதழ் வர்றதுக்கு 14 வருஷம் முன்னாடியே இறந்துபோனவர்.

மாடஸ்டியை எழுதினவர் பீட்டர் ஓ'டோனல். இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாக 1942-ல் வடக்கு ஈரானில் இருந்தப்போ, தன்னந்தனியா வந்த ஒரு அகதிச் சிறுமியைப் பார்த்தாராம். அந்தப் பொண்ணு மனசை விட்டுப் போகல. இருபது வருஷம் கழிச்சு அவளே மாடஸ்டி ஆனாள். முதலில் படம் போட்டுப் பார்த்தவர், 'டான் டேர்' புகழ் ஃபிராங்க் ஹாம்ப்சன். பெரிய ஆளு. ஆனாலும் அவர் வரைந்த மாடஸ்டி ஓ'டோனலுக்குச் சரிப்படல. 'ரோமியோ பிரவுன்' தொடரில் தன்னோட வேலை செய்த ஹோல்டவேயைக் கூப்பிட்டார். 1963 மே 13-ல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் மாடஸ்டி பிறந்தாள்.

இங்கே ஒரு விஷயம். இந்தத் தொடர்கள் எல்லாம் நாம படிச்ச மாதிரி புத்தகமா வந்தவை இல்லை. பேப்பரில் தினமும் ஒரு வரிசை, ரெண்டு மூணு கட்டம், அவ்வளவுதான். நாளைக்கு பேப்பர் வரணும்னா நாளைக்குரிய கட்டமும் வந்தாகணும். காய்ச்சல், தலைவலின்னு லீவு போட முடியாத வேலை. ஹோல்டவே கிட்டத்தட்ட ஏழு வருஷம் அப்படி வரைந்தார்.

1970 பிப்ரவரி. ஜப்பான் பின்னணியில் ஒரு கதை ஓடிக்கிட்டிருந்தது. பாதிக்கதையில் ஹோல்டவே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயசு 42-தான். யாரும் எதிர்பார்க்கல.

கதை நின்னுச்சா? நிக்கல. பார்சிலோனாக்காரர் என்ரிக் ரொமேரோ அதே கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்து வரைந்து முடித்தார். அப்புறம் அவரும் விலகி, வேற சிலர் வரைந்து, 1986-ல் அவரே திரும்ப வந்து, 2001 ஏப்ரல் 11-ல் தொடர் முடியும் வரைக்கும் வரைந்தார். ஓ'டோனல் 2010-லும், ரொமேரோ 2024-லும் மறைந்தார்கள். ரெண்டு பேரும் 90 வயசைத் தொட்டவங்க. ஹோல்டவேக்கு அதில் பாதிகூடக் கிடைக்கல.

இவர் ஒருத்தர் கதை மட்டும் இல்லை. நம்ம ரிப் கெர்பியை 1946-ல் உருவாக்கி வரைந்த அலெக்ஸ் ரேமண்ட், 1956 செப்டம்பர் 6-ல் அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்தார். வயசு 46. காரை ஓட்டினது அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டான் டிரேக்கும் காமிக்ஸ் ஓவியர்தான், அவர் பிழைச்சுக்கிட்டார். ரிப் கெர்பியும் நிக்கல. ஜான் பிரெண்டிஸ் கையில் 1999 வரைக்கும், 43 வருஷம் ஓடினார்.

யோசிச்சுப் பார்த்தா கொஞ்சம் உறுத்துது. எழுத்தாளர் செத்தா "இனிமே அவர் எழுத மாட்டாரே"ன்னு வருத்தப்படுறோம். காமிக்ஸ் ஓவியர் செத்தா, ஆபீஸில் முதலில் எழுகிற கேள்வி "நாளைக்கு யார் வரைவா?" வர்றவரும் போனவர் மாதிரியே மூக்கும் முழியும் வரணும்னு மெனக்கெடுவார். வேலையைச் சரியா செஞ்சார்னா, போனவரோட சாவு தெரியாமலே போயிரும்! தினசரிக் கட்டங்களை வெட்டி ஒட்டிப் புத்தகமா ஆக்கினப்புறம் தேதியும் காணாமப் போயிருது. இந்தக் கட்டத்தோட ஒரு மனுஷன் நின்னுட்டான், அடுத்த கட்டம் இன்னொருத்தன்னு பக்கத்தைப் பார்த்தா தெரியாது.

நாமளும் "மாடஸ்டி கதை", "ரிப் கெர்பி கதை"ன்னுதான் சொல்றோம், வரைந்தவர் பேரைச் சொல்றதில்ல. சாமி படத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் விதிவிலக்கு உண்டு. பழைய காலண்டரைக் காட்டி, "இது கோவில்பட்டி கொண்டையராஜு போட்ட படம்"னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. அவர் 1976-ல் போனார், பேர் நிக்குது. சாமிக்குச் செஞ்ச மரியாதையை இளவரசிக்கும் செஞ்சா குறைஞ்சா போயிருவோம்?

பழைய கட்டைப் பிரிக்கும்போது ஆரம்பகால மாடஸ்டி கதை கையில் சிக்கினா, அடர்த்தியான மைக்கோடுகளையும் கறுப்பில் மறைஞ்சு நிக்கிற உருவங்களையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. கதை நமக்கு ஏற்கனவே தெரியும். வரைந்தவர் பேரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம்.