நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் முன்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படும், பெரும்பாலும் கைவினையாகச் செய்யப்பட்ட நீள்குழல் துப்பாக்கி ஆகும். குழலைக் கொல்லரும் கட்டையைத் தச்சரும் செய்தமையால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. மான், காட்டுப்பன்றி, முயல், பறவைகள் ஆகியவற்றை வேட்டையாடவும் பயிர்க்காவலுக்கும் ஊர்க்காவலுக்கும் பயன்பட்டது. காவல்துறைச் செய்திகளில் உரிமமின்றிச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளையும் இப்பெயரால் அழைப்பதுண்டு. அவை இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.

பெயர்

துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்பதிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் துவக்கு என்பதும் அதே மூலத்தை உடையது. இலங்கையில் இவ்வகைத் துப்பாக்கிக்கு 'இடியன் துவக்கு' என்று பெயர். மருந்தைக் கோலால் இடித்து இறுக்குவதால் இப்பெயர் ஏற்பட்டது. விலங்கு வரும் தடத்தில் கட்டிவைத்து, கயிறு இடறியதும் தானே வெடிக்கும்படி அமைப்பதைக் 'கட்டுத்துவக்கு' என்பர். இதில் சிக்கி மனிதரும் யானைகளும் காயமடைவதுண்டு.

அமைப்பு

இத்துப்பாக்கியில் குழல், மரக்கட்டை, விசை, குதிரை, கெட்டிக்கும் கோல் ஆகியவை முதன்மையான உறுப்புகள். குழலின் பின்முனை அடைக்கப்பட்டிருக்கும். அதன் அருகே உள்ள சிறு துளை பற்றுவாய் எனப்படும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த கருமருந்தை முதலில் இட்டு, அதன்மேல் நார் அல்லது துணியை அடைத்து, ஈயக் குண்டையோ ரவைகளையோ இட்டுக் கோலால் இறுக்குவர்.

நெருப்பு பற்றவைக்கும் முறையைக் கொண்டு மூன்று வகைகள் உண்டு. மிகப் பழையதான திரித்துப்பாக்கியில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் திரியைக் குதிரை பற்றுவாயில் இறக்கும். மழையில் அது பயன்படாது. இரவில் திரியின் கனல் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேட்டையில் அதன் மணமும் விலங்கை எச்சரிக்கும். அடுத்து வந்தது சக்கிமுக்கிக் கல் பொருத்திய வகை. இசுக்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807 இல் காப்புரிமை பெற்ற, அடியால் தீப்பற்றும் முறையிலிருந்து சிறு செப்புத் தொப்பி வகை உருவானது. இது தமிழ்நாட்டில் 'கேப்' என்றே அழைக்கப்படுகிறது. இன்று காணப்படும் நாட்டுத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

எட்டும் தொலைவு

குண்டு வெகுதூரம் சென்று விழுவது வேறு, குறி தவறாமல் தாக்குவது வேறு. வழவழப்பான குழலிலிருந்து வெளிப்படும் உருண்டைக் குண்டு குழலுக்குள் சற்றுத் தளர்வாக உருண்டு, ஒழுங்கற்ற சுழற்சியுடன் வெளியேறுகிறது. உருண்டை வடிவம் காற்றின் தடையால் விரைவில் வேகம் இழக்கும். எனவே ஒரு மானைக் குறிவைத்துச் சுடுவதற்கு ஏறத்தாழ 50 முதல் 75 மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். நாட்டு வேட்டையில் சுடும் திறமையைவிடக் காற்றின் திசை பார்த்துப் பதுங்கும் திறமையே பெரிதாக மதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

குழலின் உட்சுவரில் திருகுபோன்ற புரிகளை வெட்டினால் குண்டு தன் அச்சில் சுழன்று நேராகச் செல்லும். ஆனால் புரியோடு இறுகப் பொருந்தும் குண்டை முன்வாய் வழியாக இறக்குவது கடினம். பிரான்சின் குளோது-எத்தியேன் மினியே 1849 இல் இதற்குத் தீர்வு கண்டார். எளிதாக உள்ளே இறங்கி, வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும் நீள் குண்டு அது. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி இம்முறையைச் சார்ந்தது. பல நூறு மீட்டர் தொலைவில் பயன்தரக்கூடியது. 1857 கிளர்ச்சிக்குத் தூண்டுதலான கொழுப்பு தடவிய தோட்டாக்கள் இதற்குரியனவே. கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புரியற்ற குழல் கொண்ட துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் ஆங்கிலேயப் படைவீரரின் துப்பாக்கி எட்டும் தொலைவை அவை எட்டா.

அமெரிக்காவில் இம்முறை இன்றும் ஒரு வேட்டை விளையாட்டாக வாழ்கிறது. முன்வாய்த் துப்பாக்கிக்கென மான் வேட்டைப் பருவம் பல மாநிலங்களில் தனியே ஒதுக்கப்படுகிறது. புரிக்குழல், நீள் குண்டு, தொலைநோக்கி ஆகியவற்றைக் கொண்டு தமக்கென நெடுந்தொலைவுத் துப்பாக்கிகளைச் செய்வித்துக்கொள்வோர் அங்கு உள்ளனர். அவற்றுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் பொதுவானது மருந்து இடும் வாய் மட்டுமே எனலாம்.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில்

முத்துக்குளித்துறையில் சுடுகலன்கள் பரவியதில் போர்த்துக்கேயருக்குப் பெரும் பங்குண்டு. 1530களில் பரதவர்கள் அவர்களின் பாதுகாப்பை நாடினர். 1658 இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானது. துறைமுகத்துக்கும் உட்பகுதிப் பாளையங்களுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தது. 1783 ஆகத்தில் கர்னல் ஃபுல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது துப்பாக்கிகளும் வெடிமருந்தும் கிடைத்தன. அத்துடன் கட்டபொம்மு நாயக்கருக்கும் கொழும்பு ஒல்லாந்த அரசுக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலமும் கிடைத்ததாகக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

1801 இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். தூத்துக்குடியும் சிறிதுகாலம் அவரது படையினர் வசமாயிற்று. எனினும் பாளையக்காரர் படையின் வலிமை துப்பாக்கியில் மட்டும் இருந்ததாகக் கருதுவது தவறு. 1801 மார்ச்சு 31 அன்று ஆங்கிலப் படை மண்சுவரின் உடைப்பில் ஏறியபோது அவர்களைத் தடுத்தவை நீண்ட ஈட்டிகளே என்பது அப்போரில் பங்குகொண்ட ஜேம்சு வெல்சின் நினைவுக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. ஒருமுறை சுட்ட பின் மீண்டும் கெட்டிக்கும் நேரத்திற்குள் பகைவர் கைக்கெட்டும் தூரத்திற்கு வந்துவிடுவர். 1801 மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

ஆயுதப் பறிப்பு

வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபரிலேயே மேஜர் பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் 1801 திசம்பர் 1 அறிவிப்பு, ஆயுதம் தாங்குவதைத் தென்பாளையங்கள் முழுவதும் ஒடுக்கியது. இது படைவீரரை மட்டும் பாதிக்கவில்லை. ஊர்க்காவலையே வாழ்வுரிமையாகக் கொண்டிருந்த காவல்காரர்களின் நிலையையும் மாற்றியது. 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தமை இந்தியர்களின் நெடுநாள் குறையாக விளங்கியது. குடகு மக்களுக்கும் தனி விலக்கு உண்டு. அது பின்னரும் நீட்டிக்கப்பட்டு வருகிறது.

வேட்டை

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இத்துப்பாக்கியோடு மிகுதியாக இணைத்து அறியப்பட்டோர் நரிக்குறவர்கள். பறவைகளையும் சிறு விலங்குகளையும் சுட்டு விற்பது அவர்களின் வாழ்வாதாரங்களுள் ஒன்று. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலைப் பெரிதும் முடக்கியது. பலர் பாசிமணி, ஊசி விற்பனையை நம்பி வாழ்ந்தனர். காட்டைக் காத்த சட்டம் அவர்களுக்கு மாற்றுத் தொழிலை அளிக்கவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வரைவு 2022 திசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டநிலை

இந்தியாவில் துப்பாக்கி செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனித்தனி உரிமங்கள் தேவை. இச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கு முன்வாய்த் துப்பாக்கியையே முதலில் கருதுகிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலர் நிறைவடைந்தால் மட்டுமே அப்பயனுக்கு வேறு புரியற்ற துப்பாக்கி வழங்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கியானாலும் மானைச் சுட அது அனுமதி ஆகாது. பயிரை மேயும் விலங்கை விரட்ட வெற்று வெடி போடுவதற்கே உழவர்கள் பலர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

பாஞ்சாலங்குறிச்சி அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டத்திலேயே, வல்லநாட்டில் வெளிமான்களுக்கான காப்பகம் 1987 இல் அமைக்கப்பட்டது. இதன் பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வெளிமான்கள் வாழும் இடங்களுள் இந்தியாவின் தென்கோடியில் உள்ளது இதுவே. விலங்கியல் முறைப்படி வெளிமான் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிளையற்ற, உதிராத கொம்புடைய இரலை இனம் ஆகும்.