எஃகுக் குழாய்ச் சேதம்: காரணம் தேடிய வரலாறு

எஃகுக் குழாய் ஏன் ஓட்டை விழுகிறது, ஏன் வெடிக்கிறது என்ற ஆராய்ச்சி, தொடக்கத்தில் உலோகத்தின் மேல்தான் பழியைப் போட்டது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 1922 முதல் விதவிதமான மண்ணில் குழாய்த் துண்டுகளைப் புதைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தோண்டிப் பார்த்தது. இரும்பின் வகையைவிட மண்ணின் குணமே அரிப்பைத் தீர்மானிக்கிறது என்பது அப்போது தெளிவானது. இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு இடமளித்தது 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கடல் அரிப்பை ஆராய மண்டபத்திலும் அதற்கு ஒரு மையம் உண்டு. ஆனால் மண்ணோடும் உப்போடும் நின்றுவிடும் விசாரணை பாதி விசாரணைதான். குழாயை இயக்கியவர்கள் எடுத்த முடிவுகளும் சான்றுகளே.

ஆந்திரத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலை கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலர்ந்த வாயுவுக்காகப் போடப்பட்ட குழாயில் ஈரவாயு சென்றதை விசாரணைக்குழு சுட்டிக்காட்டியது. ஈரவாயுவில் உள்ள நீர் குழாயின் அடிவயிற்றில், தொழிலில் 'ஆறு மணி' என்று சொல்லும் இடத்தில், தேங்கும்; கரியமில வாயு அதில் கரைந்து அமிலமாகி எஃகை உள்ளிருந்தே தின்னும். வெளிப்பூச்சும் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது. உடைந்த துண்டை ஆய்வகத்தில் பார்த்தாலே காரணம் தெரியாதா என்று கேட்கலாம். எந்த அமிலம் தின்றது என்பதைத் துரு சொல்லிவிடும் (கம்பித் தூரிகையால் யாரும் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் இருந்தால்!). நீரைப் பிரிக்காமல் வாயுவை அனுப்பியது ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

இயற்கைச் சீற்றத்துக்கு யார் பொறுப்பு என்பது இதைவிட வலுவான மறுப்பு. எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அந்த மாத முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலில் பாறாங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியதாகத் தொழில்நுட்பக் குழு கூறியது. அதை ஏற்றாலும், புயலுக்கும் கசிவுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது. கல் மோதியது புயலின் கணக்கு; அமோனியாவை ஏற்றுமுன் குழாய் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பது மனிதரின் கணக்கு. இரண்டையும் பிரிக்க ஓட்டையைச் சுற்றிச் சுவரின் தடிமனை அளக்க வேண்டும்: முழுத் தடிமனோடு நசுங்கியிருந்தால் கல்லே காரணம், மெலிந்த சுவர் உடைந்திருந்தால் துருவுக்கும் பங்குண்டு. புயலுக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் அந்த ஒப்பீடு நிற்கும்.