ரெண்டு கொடி, அஞ்சு ஒலிம்பிக், 0.43 புள்ளி

ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்ல இருக்கற பெரிய இம்சை என்னன்னா, ஜோடி வேணும் :-) எவ்வளவு திறமை இருந்தாலும் தூக்கிப் பிடிக்க சரியான ஆள் இல்லைன்னா வேலைக்கு ஆகாது. சொந்த ஊரில் ஆள் கிடைக்கலைன்னா நாடு மாற வேண்டியதுதான். அப்படி மாறினவர்களில் முக்கியமானவர் அல்யோனா சாவ்சென்கோ.

1984ல் உக்ரைனின் ஒபுகிவில் பிறந்தவர். ஸ்தனிஸ்லாவ் மொரோசோவோட சேர்ந்து 2000ல் உலக ஜூனியர் பட்டம், 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 15வது இடம். அப்புறம் ஜோடி உடைஞ்சது. 2003ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸுக்கு வந்து ராபின் ஸோல்கோவியோட சேர்ந்தார். பயிற்சியாளர் இங்கோ ஸ்டாயர்.

இங்கே ஒரு விதியைச் சொல்லணும். உலக சாம்பியன்ஷிப்பில் ஜோடியில் ஒருத்தர் அந்த நாட்டுக் குடியுரிமை வச்சிருந்தா போதும். ஒலிம்பிக்கில் ரெண்டு பேருக்கும் வேணும். சாவ்சென்கோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைச்சது 2005 டிசம்பர் கடைசியில், டுரின் ஒலிம்பிக்குக்கு ஒன்றரை மாசம் முன்னாடி! அங்கே 6வது இடம். ஆனா 2008லேர்ந்து 2014க்குள் அஞ்சு உலகப் பட்டம். ஒலிம்பிக்கில் மட்டும் 2010லும் 2014லும் வெண்கலம்தான்.

2014ல் ஸோல்கோவி ஓய்வு பெற்றார். சாவ்சென்கோவுக்கு அப்போ 30 வயசு. எல்லாரும் "போதும்மா"ன்னு நினைக்கற நேரத்தில், பிரான்ஸின் புரூனோ மாஸோவைப் பிடிச்சார். இப்போ நாடு மாற வேண்டியது அவர் முறை. பிரெஞ்சு சங்கம் விடுவிக்க மறுத்தது. நம்ம ஐடி கம்பெனிக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும், ரிலீவிங் லெட்டர் பிரச்னை! கடைசியில் 30,000 யூரோ கட்டி 2015 அக்டோபரில் விடுதலை. அதுவரைக்கும் ரெண்டு பேரும் போட்டியே இல்லாமல் பயிற்சி மட்டும் பண்ணிட்டிருந்தாங்க. அப்புறம் ஜெர்மன் மொழிப் பரீட்சை. மாஸோ முதல் தடவை ஃபெயில். குடியுரிமை வந்தது 2017 நவம்பரில். மறுபடியும் கடைசி நிமிஷம்!

2018 பியோங்சாங். குறும்போட்டியில் மூணு சுற்று சுத்த வேண்டிய மாஸோ ரெண்டு சுற்றோட இறங்கிட்டார். 4வது இடம், முதலிடத்துக்கு 5.80 புள்ளி பின்னாடி. அடுத்த நாள் நீள்போட்டியில் 159.31, அன்றைக்கு அது உலக சாதனை. மொத்தம் 235.90. சீனாவின் சுய் வென்ஜிங் - ஹான் சோங் ஜோடிக்கு 235.47. வித்தியாசம் வெறும் 0.43. 34 வயசில், அஞ்சாவது ஒலிம்பிக்கில், முதல் தங்கம்.

நாடு மாறினால் "துரோகி"ன்னு சொல்ல நாம ரெடியா இருப்போம். ஆனா இந்தக் கதையில் கொடி மாறினது ரெண்டு பேருக்கும்தான், அதுவும் ஒருத்தருக்கொருத்தர் தேவைப்பட்டதால். ஜெர்மனிக்குக் கிடைச்ச அந்தத் தங்கத்தில் உக்ரைனும் பிரான்ஸும் சொல்லிக்கொடுத்த பாடம் பாதிக்கு மேல இருக்குன்னு நான் சொல்வேன். நீங்க என்ன நினைக்கறீங்க?