442 ஆண்டுத் தவணை

மாணவ நண்பர்களே, கணக்கு ஒன்றைச் சொல்லி என் உரையைத் தொடங்குகிறேன். கொடுக்க வேண்டிய தொகை 11,500 பவுன். கொடுக்க வேண்டியவர் இருவர். ஒவ்வொருவரும் வாரத்திற்கு 5 ஷில்லிங் வீதம் செலுத்தி வரவேண்டும். பவுன் ஒன்றுக்கு 20 ஷில்லிங். ஆண்டொன்றுக்கு 52 வாரம். தொகை முழுவதும் தீர எத்தனை ஆண்டுகள் ஆகும்? இருவரும் சேர்ந்து கொடுப்பது வாரத்திற்கு அரைப் பவுன். ஆண்டுக்கு 26 பவுன். வகுத்துப் பார்த்தால் விடை 442 ஆண்டுகள். சிறிது மீதமும் நிற்கிறது.

இது பாடப் புத்தகத்திற்கெனப் புனைந்த கணக்கன்று. 1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இருவர் தாக்கியதால் ஒரு மனிதர் கண்பார்வையை இழந்தார். தாக்கியவர்கள் சிறை சென்றனர். பார்வை இழந்தவருக்கு 11,500 பவுன் இழப்பீடு என்று தீர்ப்பும் ஆயிற்று. ஆனால் குற்றவாளிகளிடம் பொருள் ஏது? ஆகவே, நான் கூறிய வாரத் தவணை விதிக்கப்பட்டது. தமக்கு உரியதை முழுவதும் பெற, அம்மனிதர் இன்னும் 442 ஆண்டுகள் உயிர் வாழ்ந்திருக்க வேண்டும்! சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. துன்புற்றவர் கையிலோ பெரிய எண் ஒன்று எழுதிய தாள் மட்டுமே மிஞ்சியது.

பண்டைக் காலத்தார் இத்துறையில் நம்மினும் அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி மன்னன் தன் சட்டங்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தான். அக்கல் இன்று பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கள்வன் அகப்படாவிட்டால், பொருளை இழந்தவனுக்கு அவ்வூரும் அதன் தலைவனும் ஈடு கொடுக்க வேண்டும். கொள்ளையில் உயிர் போயிருந்தால், இறந்தவனுடைய சுற்றத்தாருக்கு ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ வெள்ளி, தரவேண்டும் என்பது அதிற்கண்ட விதி. ஊரைக் காப்பவனே காவல் தவறியதற்கும் பொறுப்பாளி என்பது இதன் கருத்து.

கி.பி. 600-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் கெண்ட் நாட்டை ஆண்ட எத்தல்பெர்ட் மன்னனின் சட்டமும் இவ்வகையில் நோக்கத் தக்கது. கண் போயின் 50 ஷில்லிங். காது அறுபட்டால் 12. கட்டைவிரல் போயின் 20 என்று உறுப்புத்தோறும் அங்கே விலை குறிக்கப்பட்டிருந்தது. நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பழிக்குப் பழி என்று குடிகள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளாமல் தடுத்தது இம்முறையே. கொடுக்கப்பட்ட பொருளில் பெரும்பகுதி சென்று சேர்ந்த இடம் அடிபட்டவனுடைய வீடு என்பதை மறவாதீர்கள்.

பின்னர் அரசனின் ஆற்றல் பெருகிற்று. ஒருவனை அடிப்பது அவனுக்குச் செய்த தீங்கு மட்டுமன்று, அரசன் நிலைநாட்டிய அமைதியைக் குலைப்பதுமாகும் என்ற கொள்கை வேரூன்றியது. கொள்கை நல்லதே, எளியவனுக்காக வலிய அரசு வழக்காட முன்வந்தது. ஆனால் அதனோடு அபராதப் பணமும் அரசனின் கருவூலத்திற்குப் போய்விட்டது. அடிபட்டவன் நீதிமன்றத்தில் வெறும் சாட்சியாக நின்றான். ஈடு வேண்டுமாயின் அவன் தன் செலவில் தனி வழக்குத் தொடுக்கவேண்டும். பொருளில்லாதவன்மேல் பெற்ற வெற்றி எத்தகையது என்பதை 442 ஆண்டுக் கணக்கு நமக்குக் காட்டிவிட்டது.

அக்கணக்கை உலகறியச் செய்தவர் மார்ஜரி ஃப்ரை என்னும் அம்மையார். 1874-இல் ஒரு நீதிபதியின் மகளாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சாமர்வில் கல்லூரியின் முதல்வராய் விளங்கியவர். சிறைத் திருத்தத்திற்காகப் பல்லாண்டு உழைத்தவர். கைதிகளுக்காகப் பரிந்து பேசிய அவரே, அடிபட்டவர்களை நாடு மறந்துவிட்டதையும் கண்டார். குற்றவாளியே ஈடு செய்யவேண்டும் என்பது அவருடைய தொடக்கக் கருத்து. அது கைகூடாது என்று தெளிந்தபின், 1957-இல் ‘அப்சர்வர்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஈடு செய்யும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும் என்று வாதாடினார்.

அவர் காட்டிய காரணம் எளியது. குடிமக்கள் தற்காப்புக்கு ஆயுதம் ஏந்தித் திரிவதை அரசு தடுக்கிறது. ‘நானே உங்களைக் காப்பேன்’ என்கிறது. அக்காவல் தவறியபொழுது, ‘எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை’ என்று அது ஒதுங்கலாமா? ஆலையில் காயமுறும் தொழிலாளிக்குச் சமுதாயம் முழுவதும் சேர்ந்து உதவுவதுபோல, வன்முறையால் காயமுற்றவனுடைய சுமையையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வதே முறை என்றார் அவர்.

அம்மையார் 1958-இல் காலமானார். தம் கனவு நனவாவதை அவர் காணவில்லை. 1963-இல் நியூசிலாந்து இதற்கெனச் சட்டம் இயற்றி, 1964 ஜனவரி முதல் நாள் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனிலும் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. முதலில் அது அரசு கருணையால் தரும் தொகையாகவே இருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குச் சட்ட அடிப்படையை அளித்தது. 1985-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும், குற்றவாளியிடமிருந்து முழு ஈடு கிடைக்காதபொழுது நாடுகள் உதவ முயலவேண்டும் என்று அறிவித்தது.

நம் நாட்டின் நிலை என்ன? 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, அபராதத்திலிருந்து ஒரு பகுதியைத் துன்புற்றவருக்கு அளிக்க இடம் இருந்தது. எனினும் அபராதம் இல்லையேல் அதில் பங்கும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தமே, மாநில அரசுகள் இதற்கெனத் திட்டம் வகுக்க வேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. குற்றவாளி இன்னார் என்று தெரியாவிடினும், பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அமிலவீச்சுக்கு உள்ளானோர்க்குக் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நண்பர்களே, இழந்த கண்ணைப் பணம் மீட்டுத் தராது. ஆயினும் மருந்துக்கும் உணவுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் இழிவை அது நீக்கும். ‘உன் துன்பத்தை நாங்கள் கண்டோம்’ என்று நாடு கூறும் சொல்லாகவும் அது அமையும். சட்டத்தில் வழி இருந்தும், அதனை அறியாதார் பலர் வாளா இருந்துவிடுகின்றனர். படித்த நீங்கள் அவ்வழியை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள். 1957-இலிருந்து எண்ணினாலும் அந்தப் பழைய தவணை தீர்வது 2399-இல்தான். துன்புற்றவர் எவரும் இனி அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது.