ஏடு இழந்த மூதாதையர்: ஹியூகனோட்டுகளின் வம்சத் தேடல்

பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் பிறப்பித்த ஃபோந்தேன்புளோ ஆணை, அவருடைய பாட்டனார் நான்காம் ஹென்றி 1598-இல் நாந்து நகரில் வழங்கிய சமய உரிமைச் சாசனத்தை ரத்துச் செய்தது. ஹியூகனோட்டுகள் எனப்பட்ட பிரான்சியப் புரட்டஸ்தாந்து மக்களின் வழிபாட்டில்லங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் 15 நாட்களுக்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். பொதுமக்களோ நீங்கக் கூடாது. மீறும் ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமை ஊழியம் தண்டனை. அவ்வாறிருந்தும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வரை நெதர்லாந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பிராண்டன்பர்க் ஆகிய நாடுகளுக்குத் தப்பினர்.

இது பலரும் அறிந்த வரலாறு. அவ்வாணை ஏடுகளுக்குச் செய்த கேடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்காலப் பிரான்சில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் திருச்சபையின் ஏடே சட்டச் சான்று. போதகர் இல்லையெனில் ஏடும் இல்லை. 1715-ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு ஒன்று, நாட்டில் தங்கிவிட்டோர் அனைவரும் கத்தோலிக்கரே என்று கொள்ளச் செய்தது. அல்சாஸ் பகுதி நீங்கலாக, சட்டத்தின் கண்ணில் புரட்டஸ்தாந்து மனிதர் என்று ஒருவரே கிடையாது. கத்தோலிக்கக் குருவின் முன் மணமுடிக்க மறுத்தோரின் இல்வாழ்வு செல்லாததாயிற்று. அவர்களுடைய மக்கள் முறைகேடாய்ப் பிறந்தோர் என்று குருவின் ஏட்டில் எழுதப்படுவதும் உண்டு. 1787-இல் பதினாறாம் லூயியின் ஆணை வரும்வரை, 102 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இன்று தம் மூதாதையரைத் தேடும் ஹியூகனோட்டு வழித்தோன்றல்கள் பெரும்பாலும் குடும்பக் கதையொன்றிலிருந்தே தொடங்குகின்றனர். பட்டு நெசவாளர் ஒருவர் இரவில் கடல் கடந்தார், விவிலியத்தை ஒளித்துக் கொண்டுவந்தார் என்பது போன்ற கதை அது. ஹதீஸ் கலையோடு பழகியவர்களுக்கு இதன் இடர்ப்பாடு உடனே விளங்கும். செய்தி இருக்கிறது, இஸ்னாத் இல்லை. இடையிலுள்ள ராவிகள் யார், ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்க இயலுமா என்ற வினாக்களுக்கு விடையில்லாத அறிவிப்பை நம் முஹத்திஸ்கள் ‘முன்கதிஃ’ எனப் பிரித்து வைத்தனர். அதைப் பொய்யென்று தள்ளிவிடவும் இல்லை. அறுந்த கண்ணியை ஊகத்தால் கோத்துவிடவும் இல்லை.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஓர் எளிய அளவுகோல் தருகிறார். நூறு ஆண்டுகளுக்கு மூன்று தலைமுறை என்று கணக்கிட்டு வம்சாவளியைச் சரிபார்க்கலாம் என்பது அது. 1685-இல் தப்பியவருக்கும் 1985-இல் பிறந்தவருக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது தலைமுறைகள் இருக்க வேண்டும். குடும்பப் பட்டியலில் ஐந்து பெயர்களே இருப்பின், எங்கோ சிலர் விடுபட்டிருக்கிறார்கள். ஒரே பெயருடைய இருவரை ஒருவராக எண்ணிவிடுவது மற்றொரு பிழை. அத்தகைய ராவிகளைப் பிரித்தறியவே அல்கத்தீப் அல்பக்தாதி ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்ற நூலை யாத்தார். ஈசாக், ஆபிரகாம், தானியேல் என்ற பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும் ஹியூகனோட்டுக் குடும்பங்களை ஆய்வோருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பிரான்சியக் குடும்பப் பெயர் இருப்பதாலேயே ஒருவர் ஹியூகனோட்டு ஆகிவிடமாட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

பெயர்களும் நிலைத்து நிற்கவில்லை. இங்கிலாந்தில் துபுவா ‘வுட்’ ஆனதும், பிளாங்க் ‘ஒயிட்’ ஆனதும் உண்டு. 1688 முதல் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய ஏறத்தாழ இருநூறு பேரின் வழியில் வியோன் ‘ஃபில்யூன்’ ஆயிற்று. லெகிளேர் ‘டி கிளர்க்’ ஆயிற்று.

அழிந்த ஏடுகளும் பல. பாரிசை அடுத்த ஷராந்தோன் வழிபாட்டில்லத்தின் ஏடுகள், 1871 மே மாதம் பாரிஸ் கம்யூனின் இறுதி நாட்களில் நீதிமன்ற மாளிகையோடு எரிந்தன. அதற்கு முன்னர் ஆய்வாளர்கள் எடுத்துவைத்திருந்த பகுதிப் படிகளே நமக்கு எஞ்சியவை.

ஆயினும் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. மறைந்து வாழ்ந்த போதகர்கள் காடுகளிலும் மலைகளிலும் தொழுகை நடத்தி, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தம்முடன் கொண்டுசென்ற ஏடுகளில் எழுதினர். பனூ இஸ்ராயீல் அலைந்த நாட்களை நினைந்து தம் சபைக்கு அவர்கள் ‘பாலைவனம்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். சொத்து ஒப்பந்தங்கள் எழுதிய நோட்டரிகளின் கட்டுகளில், குருவின் ஏட்டில் இடம்பெறாத மணமக்கள் பெற்றோர் பெயருடன் கிடைக்கின்றனர். 1736-ஆம் ஆண்டின் அறிவிப்புக்குப்பின், கத்தோலிக்கக் கல்லறை மறுக்கப்பட்டோரின் அடக்கத்தை நீதிபதியின் அனுமதிக் குறிப்பு காட்டுகிறது. ஓடிப்போனோரிடமிருந்து பறித்த நிலங்களின் கணக்கும் பிரான்சின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உண்டு. ஒடுக்கியவன் தன் வசதிக்காக எழுதியது ஒடுக்கப்பட்டவனின் வம்சச் சான்றாகிறது. 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட மூர் இன முஸ்லிம்களின் வாழ்வைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி சமய விசாரணை மன்றத்தின் கோப்புகளிலிருந்து வந்ததல்லவா?

லண்டன் திரெட்நீடில் தெருவிலிருந்த பிரான்சியத் திருச்சபையின் ஆவணங்கள் இன்னும் நெஞ்சைத் தொடுவன. வந்துசேர்ந்த அகதி முந்தைய சபையின் நற்சான்றைக் காட்ட வேண்டும். அச்சத்தால் ஒருமுறை மதம் மாறியிருந்தால் சபையின் முன் அதை அறிக்கையிட்டு மன்னிப்புக் கோர வேண்டும். அந்த நாணம் பதிவாயிற்று. பதிவிலே ஊர்ப்பெயரும் இருக்கக் காண்கிறோம்.

இத்தேடல் வெறும் பெருமைக்காக மட்டும் நடந்ததன்று. 1790 டிசம்பரில் புரட்சி அரசு இயற்றிய சட்டம், சமயத்தின் பேரால் துரத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் எத்தலைமுறையினராயினும் திரும்பிவந்து குடியுரிமை பெறலாம் என்றது. 1945 வரை அவ்வுரிமை இருந்தது. அறுந்த ஒரு கண்ணி ஒருவருக்கு நாட்டையே இல்லாமலாக்கக்கூடும்.

துடுப்புக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்ட ஹியூகனோட்டுகள் 1,500-க்கும் மேற்பட்டோர். அரசு அவர்களைப் பெயருடன் பதிந்ததால், தப்பியோடியவர்களைவிட இவர்களைத் தேடுவது எளிது. அதே பலகைகளில் அவர்களோடு துடுப்பு வலித்தவர்கள், விலைக்கு வாங்கப்பட்ட முஸ்லிம் அடிமைகள். எந்நாட்டவராயினும் ‘துருக்கியர்’ என்றே அழைக்கப்பட்டனர். பெர்ஜராக் ஊரைச் சேர்ந்த ழான் மார்தேய், 1701-இல் 17 வயதில் எல்லையருகே பிடிபட்டு 1713 வரை கைதியாயிருந்தவர். 1757-இல் ராட்டர்டாமில் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அவர் யூசுஃப் என்ற முஸ்லிமைக் குறிப்பிடுகிறார். வெளியிலிருந்து ஹியூகனோட்டுகளுக்கு வரும் உதவிப் பணத்தை, பிடிபட்டால் கொடிய தண்டனை என்று தெரிந்தும், இரகசியமாகக் கொண்டுவந்து சேர்ப்பித்தவர் அவர். அதற்குக் கூலி பெற மறுத்தார். தேம்ஸ் முகத்துவாரத்தருகே நடந்த கடற்போரில் யூசுஃப் உயிர்நீத்தார். அவருடைய இடத்தில் அப்பணியைத் தாம் செய்ய வேண்டுமென்று வேறு முஸ்லிம் அடிமைகள் முன்வந்தனர் என்று மார்தேய் எழுதுகிறார். மார்தேயின் ஊரும் வயதும் சிறைநாட்களும் நமக்குத் தெரியும். யூசுஃபைப் பற்றி அந்நூலிலிருந்து நம்மை வந்தடைவது அவருடைய பெயரும் அவர் செய்த உதவியும்தான்.