மலைச்சரக்கும் துறைமுகமும்

கடலில்லாத கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து துறைமுகத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய்க்குக் கடல்கடந்த சந்தையும் உண்டு. அச்சரக்கு கொச்சி வழியே சென்றாலும் தூத்துக்குடி வழியே சென்றாலும், துறையில் நேரும் தாமதமும் அங்கு பெறப்படும் கட்டணமும் இறுதியில் மலைத்தோட்டத்தாரின் வருவாயைத் தொடுகின்றன. ஆகவே, துறையை ஆள்வோர் யார் என்னும் வினா நமக்கும் உரியதே.

அவ்வினா பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலி இலச்சினை பொறித்துச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கே துறை வேந்தனுடையது. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கொழும்புக் கடல்வழி ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்தது. அக்கம்பெனி கட்டணத்தைக் குறைத்துச் சுதேசிக் கப்பலை வீழ்த்த முனைந்தது. அரசோ 1908இல் அவரைச் சிறையிலிட்டது. போட்டி என்னும் சொல்லுக்குள் அதிகாரமும் மறைந்திருக்கும் என்பதை அன்றே நம்மவர் கண்டனர்.

விடுதலைக்குப் பின், 1963ஆம் ஆண்டின் பெருந்துறைமுகச் சட்டம் பொறுப்பாளர் குழுக்களை அமைத்தது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. சரக்குப் பெட்டகங்களின் காலம் வந்ததும் கொழும்பும் சிங்கப்பூரும் முந்திச் சென்றன. பெருங்கப்பல்களில் ஏற்றவேண்டிய நம் பெட்டகங்கள் பலவும் கொழும்பில் மாற்றி ஏற்றப்பட்டன. சீர்திருத்தம் தவிர்க்க இயலாததாயிற்று. 1997இல் கட்டணங்களை வரையறுக்கத் தனி ஆணையம் தோன்றியது. 1999இல் தூத்துக்குடியில் தனியார் நடத்தும் பெட்டக முனையம் இயங்கத் தொடங்கியது. நிலம் துறைமுகத்துக்கு, இயக்கம் தனியாருக்கு என்பதே அம்முறை. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் கட்டணம் வகுக்கும் உரிமையை அந்தந்தத் துறைமுக வாரியத்துக்கே அளித்தது.

இங்கு ஒரு மாற்றம் கருதத்தக்கது. பழைய குழுவில் கப்பலுடையோருக்கும் சரக்கு அனுப்புவோருக்கும் இடமிருந்தது. புதிய வாரியத்தில் மாநில அரசு, இரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கம், ஊழியர், சுயேச்சை உறுப்பினர் ஆகியோர் அமர்கின்றனர். சரக்கு அனுப்புவோருக்கெனத் தனி இருக்கை இல்லை. சிறிய வாரியம் விரைந்து முடிவெடுக்கும் என்பர். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், கட்டணத்தை வகுக்கும் அவையில் அதனைச் செலுத்துவோரின் குரல் ஒலிக்க வேண்டாமா? சுயேச்சை உறுப்பினர் இருக்கைகளுள் ஒன்றையேனும் சரக்கு அனுப்புவோருக்கு அளிக்குமாறு கேட்பது, போடிச் சந்தைக்கும் பள்ளத்தாக்கின் உழவர்க்கும் உரிய நேரிய கோரிக்கையாகும்.