நேரடிப் பராமரிப்பு நிதி (பிரிட்டன்)

குளிக்க, உடுத்த, உண்ணப் பிறர் துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு, அத்துணைக்கு ஆகும் பணத்தை உள்ளாட்சி மன்றம் அவர்கள் கையிலேயே கொடுக்கும் முறை. யாரை உதவியாளராக அமர்த்துவது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, எந்த வேலையை எப்படிச் செய்யச் சொல்வது என்பதெல்லாம் பயனாளியின் முடிவு. உதவியாளரை நேரடியாக அமர்த்தினால் சட்டப்படி முதலாளியும் அவரே.

இதற்கு நெடுங்காலம் குறுக்கே நின்றது 1948-ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம். சேவையாகத் தரலாம், ரொக்கமாகத் தரக் கூடாது என்றது அது. வீட்டார் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் விடுதிதான் கதி. ஹாம்ப்ஷயரில் லெனார்டு செஷயர் நிறுவிய லெ கோர்ட் அப்படியோர் இல்லம். அங்கு வசித்தவர்களில் சிலர் 1979-இல் 'புராஜெக்ட் 81' என்ற குழுவாகத் திரண்டனர். ஐ.நா. 1981-ஐ மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்திருந்ததையொட்டி வைத்த பெயர் அது. எங்களை இங்கே வைத்திருக்கக் கட்டும் பணத்தை எங்களிடம் கொடுங்கள், வெளியே போய் ஆள் வைத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதம். சட்டத் தடையைத் தாண்டவும் வழி கண்டார்கள்: உள்ளாட்சி வழக்கம்போல் இல்லத்துக்கே பணம் கட்டும், இல்லம் அதை வெளியேறியவருக்குக் கைமாற்றும். இந்த ஏற்பாட்டில் 1983-இல் ஜான் எவன்ஸ் தனி வீட்டுக்குக் குடிபோனார். ரொக்கம் கூடாது என்ற சட்டம் ஏட்டில் அப்படியே இருக்க, ரொக்கம் கைக்கு வந்துவிட்டது.

1988-இல் மத்திய அரசு, பயனாளியின் கையிலேயே பணம் தரும் தற்சார்பு வாழ்வு நிதியத்தைத் தொடங்கியது. சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தத்தில் விடுபட்ட சிலருக்கான தற்காலிக ஏற்பாடாகத்தான் அது எண்ணப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் பயனாளிகள் 20,000-ஐத் தாண்டினர். உள்ளாட்சி அனுப்பும் சேவையைவிடப் பணமாகத் தரும் முறைக்குச் செலவு 30 முதல் 40 சதவீதம் குறைவு என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் பேரவைக்காக 1994-இல் ஸார்ப், நடாஷ் இருவரும் நடத்திய ஆய்வு காட்டியது. உரிமைக் குரலுக்கு அசையாத கருவூலமும் சிக்கனம் என்றால் காது கொடுக்கும். 1996-இல் நேரடி நிதிச் சட்டம் நிறைவேறி, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2000-இல்தான் கதவு திறந்தது. கொடுப்பது உள்ளாட்சியின் விருப்பம் என்ற நிலை மாறி, இங்கிலாந்தில் 2003-இல் கடமையானது.

சுதந்திரத்தோடு சுமையும் வந்தது. சம்பளப் பட்டியல், வரிப் பிடித்தம், விடுப்புக் கணக்கு எல்லாம் பயனாளியின் பொறுப்பு. உதவியாளர் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் தேடுவதும் அவர் தலையில்தான். ஹாம்ப்ஷயரில் 1984-இல் எழுந்தது போன்ற தற்சார்பு வாழ்வு மையங்கள் இதற்குக் கைகொடுத்தன.

1988-இல் தொடங்கிய தற்சார்பு வாழ்வு நிதியத்தை மூடும் அரசின் முடிவை 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே அரசு அதே முடிவை மீண்டும் எடுத்து, 2015 ஜூன் 30 அன்று மூடியது. இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் போனது. மாற்றப்பட்ட பணத்தை இதற்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்து தனக்கென ஒரு நிதியம் தொடங்கிப் பழைய பயனாளிகளுக்குத் தொடர்ந்து பணம் வழங்கியது.